கட்டிலுக்கு வெளியே தொங்கிய கை

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது தாத்தா இறந்தார். பதினாறாம் நாள் அடியந்திரம் கழிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குப் போனபிறகு, ஆச்சியைத் தனியாகப் படுக்க விடக் கூடாது என்று அம்மா என்னைத் துணைக்கு அனுப்பினாள். தக்கலைக்குப் பக்கத்தில் சின்ன ஊர் எங்களுடையது. ஆச்சி வீடு அதே தெருவில் நாலு வீடு தள்ளி. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தலையணையை இடுக்கிக்கொண்டு போய்விடுவேன். ஆச்சிக்குப் பலகைக் கட்டில், எனக்குக் கீழே பாய்.

அது இரண்டு பேர் படுக்கிற கட்டில். சுவரோரம் தாத்தாவின் இடம். அவர் போனபிறகும் ஆச்சி அந்தப் பக்கம் புரண்டு படுக்கவே மாட்டாள். இந்த ஓரத்தில் ஒட்டிக்கொண்டுதான் படுப்பாள். தூக்கம் பிடித்ததும் வலக்கை கட்டிலுக்கு வெளியே நழுவித் தொங்கும். காலையில் கை மரத்துப் போய், தேங்காய் துருவ முடியாமல் உதறிக்கொண்டே நிற்பாள். அதைப் பார்த்த பிறகு, ராத்திரி எனக்கு எப்போது முழிப்பு வந்தாலும் அந்தக் கையைத் தூக்கிக் கட்டிலில் வைத்துவிட்டுப் படுப்பேன். மெலிந்த கை, ஆனாலும் தூங்குகிறவர்களின் கைக்கு ஒரு கனம் உண்டு. வளையல் கழற்றிய இடம் மட்டும் வெளுத்துப் போய் வளையம் போல இருக்கும். இருட்டிலும் அது தெரியும்.

ஒருநாள் காலையில் கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக்கொண்டே ஆச்சி சொன்னாள்: "மக்ளே, ராத்திரி உங்க தாத்தா வந்தாவ."

நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"வந்து கையத் தூக்கிக் கட்டில்ல வச்சாவ. ஒரு வார்த்த பேசல்ல. வச்சிட்டுப் போயிட்டாவ. பாவம், கை ரொம்ப மெலிஞ்சு போச்சு மக்ளே. சின்னப் புள்ள கை மாரி இருக்கு."

அது நான்தான் ஆச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். தாத்தா இறந்த நாளிலிருந்து அந்த முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று அன்றைக்கு இருந்தது. காப்பியைக் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன்.

அப்புறம் பத்து மாதம் நான் அவளோடு படுத்தேன். எத்தனை முறை அந்தக் கையைத் தூக்கி வைத்தேன் என்று கணக்கில்லை. கை தொங்காத நாட்களில் எனக்கே ஏமாற்றமாக இருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. இதற்கு என்ன பெயர் என்றும் எனக்குத் தெரியவில்லை. பொய்யா? நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே.

இதை இவ்வளவு வருஷம் கழித்து எழுத வைத்தது ஒரு நாடகம். பாசன் என்ற பழைய வடமொழி நாடக ஆசிரியரின் ஸ்வப்ன வாசவதத்தம். முப்பது வயதைத் தாண்டியபிறகு, மூலம் படிக்கத் தெரியாத நான், மொழிபெயர்ப்புகளின் துணையோடுதான் அதற்குள் போனேன். ஐந்தாம் அங்கத்தில் ஒரு மேடைக் குறிப்பு அளவுக்கு ஒரு வரி வருகிறது. தூங்கும் அரசனின் அறையிலிருந்து போகக் கிளம்பிய ஒரு பெண், நின்று, தனக்குள் சொல்லிக்கொள்கிறாள்: கட்டிலிலிருந்து தொங்கும் அவர் கையைக் கட்டிலில் எடுத்து வைத்துவிட்டுப் போகிறேன்.

புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கதையைச் சொல்லிவிடுகிறேன். உதயணன் கதை தமிழுக்குப் புதிது இல்லை. மணிமேகலையிலேயே, சிறைப்பட்ட வத்தவனை, அதாவது உதயணனை, மீட்க உஞ்சை என்ற உஜ்ஜயினியில் வந்து நின்ற அவன் அமைச்சர் யூகி அந்தணன் பேச்சு வருகிறது. கொங்குவேளிர் இந்தக் கதையைப் பெருங்கதை என்று முழுக் காப்பியமாகவே பாடினார். அதை 1924-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்தபோது முதலும் கடைசியும் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. அதில் வத்தவ காண்டத்தில் 'யாழ் பெற்றது', 'கனவிறுத்தது', 'வாசவதத்தை வந்தது' என்று பகுதிகளின் பெயர்களைப் பார்த்தாலே மனம் என்னமோ செய்யும். பாசனின் நாடகத்தில் யௌகந்தராயணன் என்று வருகிறவரை நான் தமிழ் வழக்கப்படி யூகி என்றே எழுதுகிறேன். நாக்குக்கும் இதுதான் சுலபம்.

உதயணன் வத்தவ நாட்டு அரசன், கோசாம்பி அவன் தலைநகர். புத்தர் காலத்து அரசன் என்று சொல்வார்கள். உஞ்சை நகரத்து அரசன் அவனைச் சூழ்ச்சியால் பிடித்துச் சிறை வைக்கிறான், சிறையில் இருந்தபடியே அந்த அரசனின் மகள் வாசவதத்தைக்கு வீணை சொல்லிக் கொடுக்கிறான், இரண்டு பேரும் காதலித்து ஓடிப்போகிறார்கள். நாடகம் தொடங்குவதற்கு முன்னாலேயே இவ்வளவும் நடந்து முடிந்துவிட்டது. இப்போது அவன் நாட்டில் பெரும்பகுதியை ஒரு பகைவன் பிடுங்கிக்கொண்டான். மீட்க வேண்டுமானால் மகத அரசனின் துணை வேண்டும், அதற்கு மகதத்து இளவரசி பத்மாவதியை உதயணன் மணக்க வேண்டும். வாசவதத்தை உயிரோடு இருக்கும்வரை அவன் இன்னொருத்தியைத் திரும்பிப் பார்க்க மாட்டான். ஆகவே யூகி ஒரு காரியம் செய்கிறார். இலாவாணம் என்ற ஊரில் முகாமுக்குத் தீ வைத்து, வாசவதத்தை எரிந்து போனாள், காப்பாற்றப் போன யூகியும் எரிந்து போனார் என்று சேதி பரப்பிவிட்டு, சந்நியாசி வேடத்தில் அவளை மகதத்துக்குக் கூட்டிவந்து, யாரிடம் தெரியுமா, பத்மாவதியிடமே அடைக்கலமாக ஒப்படைக்கிறார். 'இவள் என் தங்கை, புருஷன் வெளியூர் போயிருக்கிறான், கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.' அவளுக்கு ஆவந்திகை என்று பெயர்.

இதற்கு வாசவதத்தை சம்மதித்திருக்கிறாள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாத இடம். யூகியின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. நாடு மீண்டது, சரி. ஒரு மனுஷியை உயிரோடு எரித்ததாகக் கணக்குக் காட்டி மீட்ட நாடு அது.

மூன்றாம் அங்கம் சின்னது. உதயணனுக்கும் பத்மாவதிக்கும் அன்றைக்கே கல்யாணம். மாலை கட்டுவதற்குக் கைராசியான ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டு ஒரு பணிப்பெண் வருகிறாள். தோட்டத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆவந்திகையிடம் பூக்கூடையை நீட்டுகிறாள். தன் புருஷனுக்கு இன்னொருத்தி சூட்டப் போகிற மாலையைத் தானே கட்ட வேண்டும். கட்டுகிறாள். பூவோடு சேர்த்துக் கட்ட மூலிகைகளும் கூடையில் இருக்கின்றன. ஒன்றை எடுத்து இது என்ன என்று கேட்கிறாள். தாலி பாக்கியம் நிலைக்கச் செய்கிற மூலிகை என்கிறாள் பணிப்பெண். அப்படியானால் இதை நிறையக் கட்ட வேண்டும், எனக்காகவும் பத்மாவதிக்காகவும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறாள். அடுத்ததை எடுக்கிறாள். அது சக்களத்தியை நசுக்கும் மூலிகை. இது வேண்டாம் என்று வைத்துவிடுகிறாள். ஏன் என்கிறாள் பணிப்பெண். அவர் மனைவிதான் செத்துவிட்டாளே, இது எதற்கு?

இதைப் படித்துக் காட்டியபோது என் அம்மா, "இத எழுதுனது ஆம்பளையா?" என்று கேட்டாள். அம்மா அதிகம் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்து இந்த நாடகத்துக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

சரி, ஐந்தாம் அங்கத்துக்கு வருகிறேன். பத்மாவதிக்குத் தலைவலி, சமுத்திரகிருகம் என்ற மண்டபத்தில் படுக்கை போட்டிருக்கிறது என்று சேதி வருகிறது. உதயணன் அங்கே போகிறான். அவள் இன்னும் வரவில்லை. காத்திருக்கலாம் என்று அந்தப் படுக்கையிலேயே சாய்கிறான். தோழன் வயந்தகன் ஒரு கதை சொல்ல ஆரம்பித்து, நகரத்தின் பெயரையும் அரசனின் பெயரையும் மாற்றிச் சொல்லி, திருத்திக்கொண்டு மனப்பாடம் செய்கிறான். அதற்குள் உதயணன் தூங்கிவிடுகிறான். குளிருகிறதே என்று போர்வை எடுத்துவர வயந்தகன் வெளியே போகிறான்.

அதே தலைவலிச் சேதியைக் கேட்டு வாசவதத்தையும் வருகிறாள். மங்கலான விளக்கு. படுக்கையில் யாரோ தூங்குகிறார்கள். பத்மாவதிதான் என்று நினைக்கிறாள். மூச்சு சீராக இருக்கிறது, வலி விட்டிருக்கும் என்று ஆறுதல் கொள்கிறாள். படுக்கையில் ஒரு பாதி காலியாக இருக்கிறது. என்னை வந்து கட்டிக்கொள் என்று சொல்வது போல இருக்கிறது இந்த இடம் என்று நினைத்து, அந்தப் பாதியில் படுத்துக்கொள்கிறாள்.

காலியாக விட்ட பாதிக் கட்டில். எனக்கு அது எந்தக் கட்டில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது தூங்குகிறவன் "வாசவதத்தா" என்கிறான்.

அவள் திடுக்கிட்டு எழுகிறாள். பத்மாவதி இல்லை, அவர். பார்த்துவிட்டாரா? பார்த்திருந்தால் யூகியின் திட்டம் அத்தனையும் பாழ். இல்லை, கனவில் பேசுகிறார். அறையில் வேறு யாரும் இல்லை. கொஞ்ச நேரம் இங்கே நின்று கண்ணையும் மனசையும் ஆற்றிக்கொள்கிறேன் என்று முடிவெடுக்கிறாள். அவன் மறுபடியும் கூப்பிடுகிறான். "பிரியமானவளே, என் அன்பு மாணவியே, பதில் சொல்." வீணை கற்றுக் கொடுத்தவன் அல்லவா, அந்தச் சொல் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தம்.

அவள் பதில் சொல்கிறாள். "பேசுகிறேன் சுவாமி, பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்."

"கோபமா?"

"இல்லை, இல்லை. துக்கம்."

"கோபம் இல்லை என்றால் ஏன் நகை போடவில்லை?"

"இதைவிட வேறு என்ன வேண்டும்?"

"விரசிகையை நினைத்துக்கொண்டிருக்கிறாயா?"

விரசிகை யார் என்று நாடகம் விளக்குவதில்லை. பழைய ஏதோ ஒரு சண்டை. செத்துப் போனவளாக ஒளிந்து வாழ்கிற இந்த நிலையிலும் வாசவதத்தைக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிடுகிறது. "போங்கள், இங்கேயும் விரசிகையா!" அந்த ஒரு வரியில் அவர்கள் குடும்பம் நடத்திய காலம் முழுக்க வந்துவிடுகிறது. அவன் மன்னிப்புக் கேட்டுத் தூக்கத்திலேயே கையை நீட்டுகிறான். கை கட்டிலுக்கு வெளியே தொங்குகிறது. வெகுநேரம் நின்றுவிட்டேன், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவள் கிளம்புகிறாள். அப்போதுதான் அந்தக் கையை எடுத்துக் கட்டிலில் வைக்கிறாள்.

இந்த நாடகங்களில் அரசர்கள் சமஸ்கிருதம் பேசுவார்கள், பெண்கள் மகாராணியாகவே இருந்தாலும் பிராகிருதம் பேசுவார்கள். அப்படியானால் மேடையில் இந்தக் காட்சியில் கனவு ஒரு பாஷையிலும் நனவு ஒரு பாஷையிலும் பேசிக்கொள்கின்றன. ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. அலாரம் அடிக்கும்போது கனவில் கோயில் மணி கேட்பதை எல்லோரும் அனுபவித்திருப்போம். வெளியே இருக்கிற குரல் தூக்கத்துக்குள் நுழையும். பாசன் அந்தச் சாதாரண விஷயத்தை எடுத்துக்கொண்டு, ஒரு காதலில் மிச்சமிருக்கும் ஒரே உரையாடலை அதன்மேல் கட்டியிருக்கிறார். உதயணன் காண்பது கனவு. வாசவதத்தைக்கு அது கனவு இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் இல்லை. இது கனவா நனவா என்ற குழப்பத்தைப் பார்க்கிறவன் தலையில் போட்டு விளையாடும் கதைகள் ஏராளம். இங்கே நமக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். அந்த வலி பெரிது. பதினான்கு வயதில் காப்பித் தம்ளரோடு நான் உட்கார்ந்திருந்ததும் அப்படித்தான்.

தொடுகை அவனை எழுப்பிவிடுகிறது. நில், நில் என்று பின்னாலேயே ஓடி, கதவில் மோதிக்கொள்கிறான். போர்வையோடு திரும்பிவரும் வயந்தகனிடம், வாசவதத்தை உயிரோடு இருக்கிறாள் என்கிறான். அவள் செத்து எவ்வளவு நாளாயிற்று, நீர் கண்டது கனவு என்கிறான் வயந்தகன். அப்போது உதயணன் சொல்லும் பதில் உலகம் எங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது: இது கனவு என்றால் விழிக்காமலே இருந்திருந்தால் எவ்வளவு பாக்கியம், இது மயக்கம் என்றால் இந்த மயக்கம் எனக்கு நெடுநாள் இருக்கட்டும்.

அழகான வரிதான். ஆனால் எனக்கு அதைவிட அடுத்து வருவது முக்கியம். வயந்தகன் விடாமல், இந்த ஊரில் அவந்திசுந்தரி என்று ஒரு யட்சி இருக்கிறாள், அவளைப் பார்த்திருப்பீர் என்கிறான். (எங்கள் ஊர்ப்பக்கம் யட்சி என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அந்தி சாய்ந்தபிறகு பனங்காட்டுப் பக்கம் போகக் கூடாது என்பதற்கு அந்த ஒரு பெயர் போதும்.) இல்லை, விழித்தபோது அவள் முகத்தையே பார்த்தேன் என்று உதயணன் மறுக்கிறான். மை இடாத கண்கள், கட்டாத நீண்ட கூந்தல்.

இதில்தான் துப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். நினைவிலிருந்து எழுந்து வருகிற மனைவி, நாம் கடைசியாகப் பார்த்த கோலத்தில், நகையும் மையும் பூவுமாக வருவாள். நகை இல்லாமல் அவன் அவளைப் பார்த்ததே இல்லை. தூக்கத்தில் ஏன் நகை போடவில்லை என்று கேட்டவன், விழித்ததும் மை இல்லாத கண்ணைப் பார்க்கிறான். கணவனைப் பிரிந்தவள் இருக்கிற கோலம் அது. அவன் நினைவில் இல்லாத ஒன்று அவன் கனவில் எப்படி வரும்? அவன் மனம் இதைக் கோத்துப் பார்க்கவில்லை, ஆனால் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. அவள் தொட்ட இந்தக் கையில் சிலிர்ப்பு இன்னும் அடங்கவில்லை, பார் என்று காட்டுகிறான்.

சின்னப் புள்ள கை மாரி இருக்கு என்று ஆச்சி சொன்னாளே.

அவளுக்குத் தெரிந்திருந்ததா? இந்தக் கேள்வியோடு நான் பல வருஷம் இருந்துவிட்டேன். குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையாரின் தலைவி, காதலன் மெய்யோடு மெய் சேர்ந்ததாகக் கனவு கண்டு, பதறி எழுந்து, படுக்கையைத் தடவிப் பார்க்கிறாள். வெறும் படுக்கை. ஆச்சியும் விடியற்காலையில் சுவரோரத்தைத் தடவிப் பார்ப்பாள். நான் பாயிலிருந்து அரைக்கண்ணால் பார்த்திருக்கிறேன். தடவிவிட்டு, விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டு, எழுந்து அடுப்படிக்குப் போவாள்.

இந்த நாடகத்தோடு எனக்கு இன்னொரு உறவு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்தபோது இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

பாசனின் நாடகங்கள் பல நூற்றாண்டுகளாகக் காணாமல் போயிருந்தன. பேர் மட்டும் இருந்தது. காளிதாசனே மாளவிகாக்னிமித்திரத்தின் தொடக்கத்தில், பாசனைப் போன்ற புகழ்பெற்றவர்கள் இருக்க இந்தப் புதியவனின் நாடகத்துக்கு என்ன மரியாதை என்று தன் பாத்திரத்தைக் கேட்க வைக்கிறான். 10-ஆம் நூற்றாண்டுவாக்கில் வாழ்ந்த ராஜசேகரன் பேரில் ஒரு சுலோகம் உண்டு: பாசனின் நாடகங்களைச் சோதிக்க அறிஞர்கள் தீயில் போட்டார்கள், ஸ்வப்ன வாசவதத்தத்தை மட்டும் தீ எரிக்கவில்லை. வாசவதத்தையும் தீயில் எரிந்ததாகச் சொல்லப்பட்டு எரியாமல் இருந்தவள்தானே. அப்படிப் புகழ்ந்த நாடகமே பிறகு கண்ணில் படாமல் போய்விட்டது.

1909-10 வாக்கில், திருவனந்தபுரத்தில் பழஞ்சுவடிகளைப் பதிப்பிக்கும் துறையின் பொறுப்பில் இருந்த த. கணபதி சாஸ்திரி, சுவடி தேடி ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துத் தருவை ஊர்க்காரர் அவர். பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில் மணலிக்கரை மடத்தில் ஒரு ஓலைக்கட்டு கிடைத்தது. நூற்றுக்கு மேற்பட்ட ஓலைகள், பழைய மலையாள எழுத்து, வடமொழி நாடகங்கள். அதில் ஒன்று ஸ்வப்ன வாசவதத்தம். 1912-இல் திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் அச்சாகி வெளிவந்தது. தேடித் தேடி மொத்தம் 13 நாடகங்கள் ஆயின.

மணலிக்கரை எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாது, சில கிலோமீட்டர்தான். கல்வெட்டு படித்தவர்களுக்கு அங்கே கிடைத்த 13-ஆம் நூற்றாண்டு வேணாட்டுக் கல்வெட்டைத் தெரிந்திருக்கும். எனக்கு அது பேருந்தின் முன்பலகையில் இருக்கிற ஒரு பெயர், அவ்வளவுதான். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதியெல்லாம் திருவிதாங்கூரையும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியையும் சேர்ந்ததாக இருந்ததால், 'கேரளத்தில் கண்டெடுக்கப்பட்டது' என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதனால் நான் அதை எங்கோ வடக்கே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மணலிக்கரை என்ற பெயரை முதன்முதலில் அச்சில் பார்த்த நிமிஷம் உடம்பெல்லாம் என்னமோ செய்தது. ஆச்சி கையை நான் தூக்கி வைத்த ராத்திரிகளுக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, வாசவதத்தை உதயணன் கையைத் தூக்கி வைத்த வரி ஓலையில் கிடந்திருக்கிறது, அடைக்கலமாக, யார் என்று யாருக்கும் தெரியாமல். மகதத்து அரண்மனையில் ஆவந்திகை இருந்த மாதிரி.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைக் கூட்டிப்போனார்கள். முகம் தெரிகிற அந்தக் கறுப்புத் தரையில் செருப்பில்லாமல் நடந்ததும், அந்தக் குளிர்ச்சியும் நினைவிருக்கிறது. மேல்மாடியில் மூலிகை மரங்களால் செய்த ராஜாவின் கட்டிலைக் காட்டி, 64 வகை மரம் என்று சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் எண்ண முடியுமா என்று குனிந்து பார்த்தார்கள். நான் கட்டிலின் விளிம்பைப் பார்த்தேன். இந்த உயரத்திலிருந்து தொங்கினால் கை தரையைத் தொடாது என்று தோன்றியது. அன்றைக்கு எனக்கு உதயணனும் தெரியாது, பாசனும் தெரியாது. ஆச்சி கையைத்தான் நினைத்தேன்.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். மணலிக்கரைச் சுவடியில் ஆசிரியர் பெயர் இல்லை. பாசன் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பழைய நூல்கள் சொல்கிற குறிப்புகளை வைத்துத்தான் கணபதி சாஸ்திரி இவை பாசனுடையவை என்றார். நூறு ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. இவை கேரளத்துச் சாக்கியார்கள் என்ற நடிகர் குலத்தார், கூடியாட்டம் என்ற வடமொழி நாடக ஆட்டத்துக்காகச் சுருக்கியும் மாற்றியும் வைத்துக்கொண்ட வடிவம் என்பது ஒரு தரப்பு. அவர்கள் கையில் வலுவான ஒரு சான்று இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நாட்டியதர்ப்பணம் என்ற இலக்கண நூல், பாசனின் ஸ்வப்ன வாசவதத்தத்திலிருந்து என்று சொல்லி ஒரு சுலோகத்தை எடுத்துக்காட்டுகிறது. அந்தச் சுலோகம் நமக்குக் கிடைத்த நாடகத்தில் இல்லை.

அந்தச் சுலோகம் என்ன சொல்கிறது தெரியுமா? தோட்டத்தில் ஒரு கல்பலகையைப் பார்த்து உதயணன் சொல்கிறான்: பூக்கள் மிதிபட்டிருக்கின்றன, இந்தக் கல்லில் இன்னும் சூடு இருக்கிறது, யாரோ இங்கே உட்கார்ந்திருந்து, என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து போயிருக்க வேண்டும்.

ஆராய்ச்சியாளர்களுக்கு அது பாடபேதப் பிரச்சினை. எனக்கு அதை அப்படிப் படிக்க முடியவில்லை. கிடைத்த நாடகத்திலிருந்து எழுந்து போன சுலோகமே, ஒருத்தி எழுந்து போன இடத்தின் சூட்டைப் பற்றிப் பேசுகிறது. நாடகத்தில் அந்தச் சுலோகத்துக்கான இடம் நான்காம் அங்கத்தில் அப்படியே இருக்கிறது. பவளமல்லித் தோட்டம் இருக்கிறது, கல்பலகை இருக்கிறது, மறைவில் பெண்கள் இருக்கிறார்கள். அவன் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்ப்பது மட்டும் இல்லை. என்னைக் கேட்டால் இது பாசனுடையதுதான். சான்று கேட்டால் என்னிடம் இல்லை. மூலிகை மாலையையும் விரசிகையையும் அந்தக் கையையும் எழுதியவர் யாராக இருந்தாலும், அவர் சூடு ஆறாத ஒரு கல்லையும் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன்.

நாடகம் நல்லபடியாக முடிகிறது. தொலைந்து போயிருந்த கோஷவதி வீணை, பெருங்கதையில் கோடபதி யாழ், நர்மதைக் கரைப் புதரில் கிடைத்து உதயணனிடம் வந்து சேர்கிறது. அப்புறம் உஞ்சையிலிருந்து மாமியார் ஒரு படத்தை அனுப்புகிறாள். ஓடிப்போன மகளுக்கும் மருமகனுக்கும் படம் எழுதி, படத்துக்கே கல்யாணம் செய்து வைத்திருக்கிறார்கள் அந்தப் பெற்றவர்கள். படத்தைப் பார்த்த பத்மாவதிதான், இந்த முகம் நம் வீட்டில் இருக்கிறதே என்கிறாள். கனவென்று ஒதுக்கப்பட்டதை நிஜமாக்குவது சக்களத்தியின் கண். வாசவதத்தை திரும்புகிறாள். இந்த அங்கத்தை நான் வேகமாகத்தான் படிப்பேன். பத்மாவதியின் முகத்தை அந்த இடத்தில் யாருமே பார்க்கவில்லை என்று தோன்றும்.

ஆச்சியிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று சில வருஷம் உறுத்தியது. இப்போது இல்லை. அவள் காத்திருந்தாள், யாரோ வந்து கையைத் தூக்கி வைத்தார்கள், அந்தக் கை அன்பான கை. இதில் எந்தப் பகுதி பொய் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஆனால் ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து மாதத்தில் ஒரே ஒரு ராத்திரி நான் ஆச்சி வீட்டில் இல்லை. சித்தி மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனோம். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது. துக்க வீடு என்று ஆச்சி வரவில்லை, வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். எனக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. கை தொங்கிக்கொண்டிருக்கும், தூக்கி வைக்க ஆள் இல்லை, காலையில் தாத்தா வரவில்லை என்று சொல்லப் போகிறாள் என்று விடிய விடிய நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் வந்து இறங்கினோம். வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஆச்சி வீட்டுக்கு ஓடினேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும், நன்றாக.

"கை மரத்துப் போச்சா ஆச்சி?"

"இல்லியே மக்ளே."

"தாத்தா..."

"வந்தாவளே." கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நேத்து கை தொங்கல்ல. சுவரோரமா வந்து படுத்துகிட்டாவ. வெளுக்கும்போதுதான் எந்திச்சுப் போனாவ."

உள்ளே போனேன். எப்போதும் விடிந்ததும் நீவிவிடுகிற விரிப்பு அன்றைக்கு நீவாமல் கிடந்தது. சுவரோரப் பாதி கசங்கியிருந்தது. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சித்திரை மாதம், ஓட்டு வீடு, உச்சிவெயில். சூடாகத்தான் இருந்தது.